ஒரே கன்றின் நகல்கள்

காட்டு வாழைப்பழத்தை உரித்தால் உள்ளே சதை பெயருக்குத்தான். மிளகைவிடப் பெரிய கறுப்பு விதைகள் கல் மாதிரி நிறைந்திருக்கும். எப்போதோ விதை குறைந்து பழுத்த தாரைக் கண்டவர்கள், அந்த மரத்தின் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டார்கள். பப்புவா நியூகினி மேட்டுநிலத்தில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரானதற்குத் தொல்லியல் சான்று உண்டு. பிறகு இரண்டு காட்டு இனங்கள் கலந்ததில் பிறந்தவைதான் நம் ரஸ்தாளி, பூவன், மொந்தன், கற்பூரவள்ளி எல்லாம். ஒவ்வொரு தலைமுறை விவசாயியும் நல்ல தாரைப் பார்த்து, அதன் கன்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

என் கவலை அந்தக் கன்றைப் பற்றியது. விதை இல்லாத வாழைக்குப் புதுக் கலப்பில் பிறக்கும் பிள்ளை இல்லை. ஒரு ரகத்தின் மரங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே மரத்தின் நகல்கள். ஒன்றை வீழ்த்தும் நோய் தோப்பையே வீழ்த்தும்.

இது நடந்து முடிந்த கதை. உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் ரகத்தைப் பனாமா வாடல் நோய் மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் தோப்பு தோப்பாகச் சாய்த்தது. 1960-களில் அதன் இடத்துக்கு வந்தது அந்த நோயைத் தாங்கிய கேவண்டிஷ். நம் சந்தைகளில் குவியும் ஜி-9 அந்தக் குடும்பம்தான். இப்போது அதே பூஞ்சையின் இன்னொரு வகை, டி.ஆர்.4, கேவண்டிஷையே கொல்கிறது. 2019-ல் கொலம்பியாவில் உறுதியானது. பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் கண்டறியப்பட்டிருக்கிறது. மண்ணில் புகுந்தால் பல பத்தாண்டுகள் கிடக்கும். விழுந்த மரத்தை எழுப்ப மருந்து கிடையாது.

ஜி-9 ஒரே நேரத்தில் வெட்டுக்கு வருகிறது, தார் கனமாக இருக்கிறது, கடன் அடைகிறது என்கிறார்கள் விவசாயிகள். அது உண்மை. ஆனால் ஒரு வட்டாரம் முழுக்க அந்த ஒரே ரகமாகிவிட்டால், நோய் வரும் வருஷம் அந்தக் கடனை எதை வைத்து அடைப்பது?

சிறுமலை அனுபவம் நமக்குப் போதாதா? அசுவினி பரப்பிய முடிக்கொத்து நோய் 1970-களில் அந்த மலைவாழையை ஏறக்குறைய துடைத்தெடுத்தது. வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டுதான் அதை மீட்க வேண்டியிருந்தது. ரஸ்தாளி பழைய வாடல் நோய்க்கே தாங்குவதில்லை. அதைக் கைவிட்ட வயல்கள் ஏராளம்.

பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கித் தந்த விருப்பாட்சி, குமரி மாவட்டத்து மட்டி, வீட்டுக்கொல்லைப் பேயன் ஆகியவை இன்னும் இருக்கின்றன. புவிசார் குறியீடு கொடுத்தால் மட்டும் ஒரு ரகம் பிழைத்துவிடாது. கன்று நடுபவருக்கு விலை கிடைக்க வேண்டும். பழக்கடையில் மட்டி இருக்கிறதா என்று கேட்டு வாங்குபவர்கள் பெருகினால்தான் வியாபாரி அதைத் தேடித் தோப்புக்குப் போவார்.