வாசம் இருக்கிறது, மரம் எங்கே?

உலகத்துக்கே சந்தன எண்ணெய் வடித்துக் கொடுத்த மைசூர், இப்போது கட்டைக்காக அண்டை மாநில ஏலங்களில் கை தூக்குகிறது

மைசூர் அரண்மனையைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பயணிகளின் மணிக்கட்டைப் பிடிப்பதற்கென்றே சிலர் காத்திருக்கிறார்கள். கையில் கட்டைவிரல் அளவுக் குப்பி. மூடியைத் திறந்து புறங்கையில் ஒரு தீற்றுத் தீற்றி, ஒரிஜினல் என்றும் அரசாங்கச் சரக்கு என்றும் சத்தியம் செய்கிறார்கள். 10 மில்லி 200 ரூபாய். நாம் நகர ஆரம்பித்தால் 100. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டால் 60.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும். அசல் சந்தன எண்ணெயின் விலை கிலோவுக்கு ஒரு லட்சம் ரூபாயை எப்போதோ தாண்டிவிட்டது. அந்த ஒரு லட்சத்தையே வைத்துக்கொண்டாலும் 10 கிராம் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து வர வழியில்லை. 60 ரூபாய்க் குப்பிக்குள் இருப்பது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம், சந்தனம் மட்டும் இருக்காது. ஆனால் வாங்குகிறவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மைசூர் என்றதும் சந்தனம் நினைவுக்கு வருகிற அளவுக்கு அந்தப் பெயர் நம் மூக்கில் குடியேறியிருக்கிறது. 2014 நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து ஊர் அதிகாரபூர்வமாக மைசூரு ஆகிவிட்டது. எண்ணெயும் சோப்பும் மட்டும் இன்னமும் மைசூர்தான்.

தமிழர்களுக்குச் சந்தனம் புதிதல்ல. கல்யாண வாசலில் பன்னீருடன், கோயிலில் அபிஷேகத்துக்கு, நாகூரில் சந்தனக்கூடு ஊர்வலத்தில் என்று எல்லா மதத்தாரும் பங்கு போட்டுக்கொண்ட வாசனை அது. சமஸ்கிருத 'சந்தன'மே 'சாந்து' என்ற திராவிடச் சொல்லிலிருந்து போனதுதான் என்று வாதிடும் மொழியியல் அறிஞர்கள் உண்டு. கன்னடத்தில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே 'கந்த' என்றால் வாசனை, அதுவே சந்தனமும்கூட. மரியாதையாகச் சொல்வதானால் ஸ்ரீகந்த. வாசனை என்றாலே சந்தனம்தான் என்று ஒரு மொழியே முடிவு செய்துவிட்டால், மொழிபெயர்ப்பாளன் என்ன செய்வது? கர்நாடகத்துக்கே 'கந்தத குடி', அதாவது சந்தனக் கோயில், என்றொரு செல்லப் பெயர் உண்டு.

ஆனால் கட்டையை உரைத்துக் குழைக்கிற சந்தனம் வேறு, எண்ணெய் வேறு. எண்ணெயை மைசூரில் பெருமளவில் வடிக்க ஆரம்பித்து நூறாண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்குக் காரணமானது ஓர் உலக யுத்தம்.

1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜ மரமாக அறிவித்தார் (அரச மரம் என்று எழுதினால் குழப்பம் வரும்). மரம் யார் நிலத்தில் முளைத்தாலும் அரசுக்கே சொந்தம். பின்னால் வந்த உடையார்களும் வெள்ளையர்களும் இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. கஜானாவை நிரப்புகிற சட்டத்தை யார்தான் விடுவார்கள்? காட்டிலிருந்து கொண்டுவந்த கட்டைகளை மைசூர் அரசு ஏலம் விடும். பெரும்பகுதி ஐரோப்பாவுக்கு, முக்கியமாக ஜெர்மனிக்குக் கப்பலேறும். எண்ணெய் வடிப்பதும் அதில் லாபம் பார்ப்பதும் அங்கேதான். வாசனைத் திரவியங்களுக்கு மட்டுமல்ல, பென்சிலின் வருவதற்கு முந்தைய காலத்தில் மேக வெட்டைக்கு ஐரோப்பிய டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்துகளில் சந்தன எண்ணெயும் ஒன்று. பாரிஸ் சீமாட்டிகளின் கழுத்துக்கும் சிப்பாய்களின் ரகசிய வியாதிக்கும் ஒரே மரம் பயன்பட்டது.

1914இல் யுத்தம் மூண்டதும் ஜெர்மனிக்குக் கதவு சாத்தப்பட்டது. மைசூர் கிடங்குகளில் கட்டை தேங்கியது. அப்போது மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார், திவான் எம். விஸ்வேஸ்வரய்யா. தொழில் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னைக்காரர்களுக்கு இவரைத் தெரிந்திருக்க வேண்டும்: சென்னை மாகாணத்தில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கும் குரோம் தோல் பதனிடுதலுக்கும் வழி காட்டியவர். விற்க முடியாத கட்டையை நாமே வடித்தால் என்ன என்ற கேள்விக்கு விடை தேடும் பொறுப்பு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனது. அங்கே பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் வடித்துக் காட்டினார்கள். 1916இல் பெங்களூரில் சிறிய அளவில் உற்பத்தி தொடங்கியது. மைசூரில் அரசு சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை பிறந்தது. இன்றைக்கும் அது மானந்தவாடி சாலையில் நிற்கிறது.

சோப்பு பிறகு வந்தது. மகாராஜாவுக்கு வெளிநாட்டு விருந்தினர்கள் சந்தன எண்ணெய் கலந்த சோப்பைப் பரிசளித்தார்கள், நம் எண்ணெயில் அவர்கள் சோப்பா என்று அவருக்கு ரோஷம் வந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். எஸ்.ஜி. சாஸ்திரி என்ற வேதியியலாளரை இங்கிலாந்துக்கு அனுப்பித் தொழில் கற்றுவரச் செய்ததும், 1918இல் பெங்களூரில் சோப்புத் தொழிற்சாலை தொடங்கியதும் வரலாறு. நகைப் பெட்டி மாதிரியான அட்டைப் பெட்டிக்குள் முட்டை வடிவ சோப்பு. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் அதை வெளியே எடுத்துவிட்டு, மறுநாள் பழையபடி சாதா சோப்புக்குத் திரும்பிய குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று. காலிப் பெட்டியைப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைப்பது அம்மாவின் வழக்கம்.

சரி, எண்ணெய் எப்படி வருகிறது? சந்தன மரத்தை வெட்டக் கூடாது. வேரோடு பிடுங்க வேண்டும். அதிக எண்ணெய் வேரில்தான். வெளிப்புற வெள்ளைக் கட்டையில் வாசனை கிடையாது. அதைச் செதுக்கி எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் வைரத்தை மட்டும் சிம்பாக்கி, பொடியாக்கி, வாலையில் கொட்டி நீராவியைச் செலுத்துகிறார்கள். மல்லிகையோ எலுமிச்சம்புல்லோ அல்ல, இது பிடிவாதக்கார மரம். இரண்டு மூன்று நாள் விடாமல் ஆவி பிடித்தால்தான் எண்ணெயை விடும். ஆவி குளிர்ந்ததும் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதக்கிறது. 100 கிலோ வைரக் கட்டைக்குக் கிடைப்பது 3 முதல் 6 கிலோ எண்ணெய். நல்ல வேராக இருந்தால் இன்னும் அதிகம். மிஞ்சும் சக்கையும் வீணாவதில்லை, ஊதுவத்திக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

எண்ணெயின் உயிர் சாண்டலால் என்ற பொருள். ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை. இந்தக் கூட்டணிக்கு ஒரு விசேஷ குணம்: தானும் மணக்கும், தன்னோடு சேர்ந்த மற்ற வாசனைகளையும் ஓடிவிடாமல் பிடித்து வைக்கும். கன்னோஜ் அத்தர்க்காரர்கள் ரோஜாவையும் மல்லிகையையும் சந்தன எண்ணெய்க்குள்தான் வடித்து இறக்கினார்கள். 1989இல் பாரிஸின் கெர்லான் நிறுவனம் கொண்டுவந்த 'சம்சாரா' சென்ட்டின் பெருமையே அதிலிருந்த மைசூர் சந்தனம். நாக்குக்கும் இது அன்னியமல்ல. மிகச் சிறிய அளவில் இனிப்புகளிலும் பானங்களிலும் சுவையூட்டியாகச் சேர்கிறது. உள்நாட்டில் எண்ணெயைக் கணிசமாக விழுங்குவது பான் மசாலாவும் மெல்லும் புகையிலையும்தான் என்பது அவ்வளவாக யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத விஷயம். நூறு வருடம் தவம் கிடக்கக்கூடிய மரம் கடைசியில் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் சிவப்பாகத் துப்பப்படுகிறது.

இவ்வளவு கிராக்கி இருந்தும் மரம் ஏன் அழிந்தது? வீரப்பன் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவது சுலபம். அது பாதி உண்மை.

முதல் அடி நோயிலிருந்து வந்தது. 1899இல் குடகில் கவனிக்கப்பட்ட ஸ்பைக் நோய் தாக்கினால் இலைகள் சிறுத்து, முள்போல் விறைத்து நிற்கும். ஓரிரு வருடங்களில் மரம் காலி. நோய்க்குக் காரணம் ஒருவகை நுண்ணுயிரி என்று கண்டுபிடிக்க 1969 வரை ஆயிற்று. நம்பகமான மருந்து இன்றுவரை இல்லை.

இரண்டாவது அடியைக் கொடுத்தது சட்டம். உங்கள் தோட்டத்தில் பறவை எச்சத்தில் ஒரு சந்தனக் கன்று முளைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் உங்களுடையதல்ல, சர்க்காருடையது. அது திருட்டுப் போனால் மட்டும் பொறுப்பு உங்களுடையது. வனத்துறையும் போலீசும் வீட்டு வாசலுக்கு வருவார்கள். புத்தியுள்ள விவசாயி என்ன செய்வான்? இரண்டு இலை விட்டதுமே பிடுங்கி எறிவான். இப்படிப் பிடுங்கப்பட்ட கன்றுகளுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. மரத்தைக் காப்பாற்றப் போட்ட சட்டம் மரத்தைக் காட்டுக்குள் மட்டும் அடைத்துவைத்து, கள்ளக் கடத்தல்காரனுக்கு விலாசமும் கொடுத்தது.

அந்த விலாசத்தில்தான் வீரப்பன் வருகிறான். சத்தியமங்கலத்திலிருந்து மாதேஸ்வரன் மலை வரை நீண்ட அவனுடைய காடு, அன்றைய மைசூர் மாவட்டத்தின் தென்கோடி (சாமராஜநகர் தனி மாவட்டமானது 1997இல்தான்). யானைத் தந்தத்திலிருந்து சந்தனத்துக்கு மாறிய அவன் கும்பல், 1992 ஆகஸ்டில் மைசூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவைக் கொன்றது. 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். பதிலடிக்குப் புறப்பட்ட அதிரடிப் படைகளிடம் அகப்பட்டவர்களில் பெரும்பாலோர் எல்லையோரக் கிராமங்களின் ஏழைத் தமிழர்களும் சோளகர்களும். தடா சட்டத்தில் பிடிபட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் மைசூர் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 2001இல் அவர்களில் மிகப் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். அதிரடிப் படைகளின் அத்துமீறல்களை விசாரிக்க மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவை அமைத்ததும், பிறகு நஷ்ட ஈடு பரிந்துரைக்கப்பட்டதும் இந்த எண்ணெயின் கதையில் சேர்த்துப் படிக்க வேண்டிய பக்கங்கள். சோப்புப் பெட்டியில் அது அச்சாவதில்லை.

வாழ்க்கை சில சமயம் சினிமாவை மிஞ்சிவிடுகிறது. 1973இல் வந்த 'கந்தத குடி' படத்தில் காட்டைக் காக்கும் வன அதிகாரியாக நடித்தவர் ராஜ்குமார். 2000 ஜூலை 30 அன்று அதே ராஜ்குமாரைத்தான் வீரப்பன் கடத்தி 108 நாள் காட்டில் வைத்திருந்தான். 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பாதுகாப்பதற்குப் பெரிய சந்தன மரங்கள் அந்தக் காட்டில் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

1930களிலிருந்து 50கள் வரை நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 டன் வைரக் கட்டை கிடைத்துக்கொண்டிருந்தது. 2000களின் பிற்பகுதியில் அது சில நூறு டன்னாகச் சுருங்கியது. 1998இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சந்தன மரத்தைச் சேர்த்தது. மைசூர்த் தொழிற்சாலையின் வாலைகள் கட்டைக்காகக் காத்திருக்கும் நிலை வந்தது. 1944இல் ஷிமோகாவில் தொடங்கிய இரண்டாவது எண்ணெய்த் தொழிற்சாலைக்கும் இதே கதிதான். இன்று இவற்றை எல்லாம் தன் கீழ் வைத்திருக்கும் கர்நாடக சோப்பு, டிடர்ஜென்ட் நிறுவனம் (1980இல் உருவானது) கேரளத்தின் மறையூர் ஏலத்தில் முக்கிய வாடிக்கையாளர். மறையூர், உடுமலைப்பேட்டையிலிருந்து மலையேறினால் வரும் ஊர். கடைத்தெருவில் தமிழ்தான் அதிகம் கேட்கும். காவிரி கர்நாடகத்திலிருந்து நமக்கு வருவது குறித்துத்தான் வழக்கும் வாய்தாவும். கட்டை எதிர்த்திசையில் போவதைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை.

வேடிக்கை என்னவென்றால் வியாபாரம் படுக்கவில்லை. அந்த நிறுவனத்தின் விற்பனை 2023-24இல் 1,500 கோடி ரூபாயைத் தாண்டியது. 2025இல் நடிகை தமன்னாவை 6.2 கோடிக்கு விளம்பரத் தூதராக நியமித்தபோது, கன்னட நடிகை கிடைக்கவில்லையா என்று கர்நாடகத்தில் சண்டை நடந்தது. கட்டை எங்கிருந்து வருகிறது என்று அந்தச் சண்டையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மைசூர் சந்தன எண்ணெய்க்கும் சோப்புக்கும் 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இதற்கிடையே வாசனை உலகம் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. சென்ட் கம்பெனிகள் சாண்டலோர், ஜாவனால் என்று செயற்கைச் சந்தன மணங்களைத் தயாரித்தன. கன்னோஜில் சந்தன எண்ணெயின் இடத்தைப் பாரஃபின் எண்ணெய் பிடித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனுரா பகுதியில், ஆர்ட் நதிப் பாசனத்தில், 1999 முதல் நம்முடைய அதே இன மரத்தை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். நட்ட பெரிய கம்பெனி 2018இல் கடனில் சிக்கித் தடுமாறியது வேறு கதை, மரங்கள் வளர்ந்தன. பழைய மைசூர் ஏலக் கிடங்குகளில் முதல் தரக் கட்டைக்கு 'விலாயத் புத்', அடுத்ததற்கு 'சைனா புத்' என்று பெயர். சரக்கு எந்தச் சீமைக்குப் போகும் என்று பெயரே சொல்லிவிடும். இப்போது விலாயத்திலிருந்து இந்தியாவுக்குச் சந்தனக் கட்டை இறக்குமதியாகிறது.

2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழகமும் சட்டத்தைத் திருத்தின. உங்கள் நிலத்து மரம் இனி உங்களுக்கே. இதற்குப் பிறகு விவசாயிகள் ஆர்வத்தோடு நட ஆரம்பித்தார்கள். ஏக்கருக்குக் கோடி ரூபாய் என்று ஆசை காட்டும் துண்டுப் பிரசுரங்களும் கூடவே வந்தன. அவற்றை நம்புகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. சந்தனம் அரை ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரைத் துளைத்துச் சாப்பாடு எடுத்துக்கொள்ளும். துவரையோ சவுக்கோ துணைக்கு இல்லாவிட்டால் கன்று நோஞ்சானாகவே நிற்கும். இன்னொன்று, வைரம் பாய ஆரம்பிக்கவே பத்துப் பதினைந்து வருடம் வேண்டும். அதுவரை மரம் வெறும் விறகு. அவசரப்பட்டுப் பிடுங்கினால் எண்ணெய் குறைவு, சாண்டலாலும் குறைவு.

வைரம் பாய்ந்த பிறகு வேறு கவலை. திருடர்கள் நடுமரத்தில் துளை போட்டு மோந்து பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுக்கிறார்கள். பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்திலிருந்தே சந்தன மரங்கள் திருட்டுப் போயிருக்கின்றன. எண்ணெயை முதலில் வடித்துக் காட்டிய அதே இடம். தோட்டக்காரர்கள் மின்வேலி, கேமரா, நாய் என்று செலவழிக்கிறார்கள். மரத்திலேயே சென்சார் பொருத்தி, யாராவது அறுத்தால் கைபேசிக்குத் தகவல் வரும்படிச் செய்யும் முயற்சிகளும் நடக்கின்றன. சட்டம் மாறியபோது நட்ட கன்றுகளுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். அவை பிடுங்கப்படும் வரை, மைசூர் எண்ணெய்க்கான கட்டையில் ஒரு பகுதி மறையூரிலிருந்து லாரியில் வந்துகொண்டிருக்கும்.