கிராஃப்ல விட்டுப்போன புள்ளிகள்: ஆர்-ல சேலஞ்சர் டேட்டா

ஆர்-ல கிராஃப் போடுறதுன்னு பேச்செடுத்தாலே கலர் எப்படி மாத்துறது, எந்த தீம் நல்லா இருக்கும்னுதான் முதல்ல கேட்பாங்க. அதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை. ஜிஜிபிளாட்-ல தீம் மினிமல்னு ஒரு வரி சேர்த்தா அந்த சாம்பல் பின்னணி போயிடும், முடிஞ்சது. அதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது ரெண்டு இருக்கு. எந்தப் புள்ளிகளை உள்ளே விடுறோம்? அச்சு எங்கே தொடங்குது?

இதுக்கு நான் எடுத்துக்கிட்டது சேலஞ்சர் விண்கலத்தோட டேட்டா. 1986 ஜனவரி 28 அன்னைக்கு, கிளம்பின 73-வது விநாடியில அது உடைஞ்சு சிதறிச்சு. உள்ளே இருந்த 7 பேரும் இறந்துட்டாங்க. காரணம், பூஸ்டர் ராக்கெட்டோட மூட்டை அடைக்கிற ஓ-ரிங்ங்கிற ரப்பர் வளையம். நம்ம வீட்டு குக்கர் கேஸ்கட் மாதிரின்னு வச்சுக்கோங்க. குளிர்ல ரப்பர் விறைச்சுப் போனா, சட்டுன்னு விரிஞ்சு இடைவெளியை அடைக்காது. பூஸ்டர் செஞ்ச மார்ட்டன் தயோக்கால் எஞ்சினியர்கள் முந்தின நாள் ராத்திரியே, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம்னு சொன்னாங்க. ஆனா '75 டிகிரியிலயும் சேதம் ஆகியிருக்கே'ங்கிற கேள்வி நின்னுச்சு. கடைசியில நிர்வாகம் சரின்னு சொல்லிடுச்சு.

இப்போ ஆர்-ஐ திறங்க. ஃபாரவே-ங்கிற பேக்கேஜ்ல ஓரிங்ஸ்னு ஒரு டேட்டாசெட் இருக்கு. அதுக்கு முன்னாடி நடந்த 23 பயணங்கள், வெப்பநிலை, சேதம்னு ரெண்டே காலம். முதல்ல சேதம் ஆன பயணங்களை மட்டும் ஃபில்டர் பண்ணி ஜியோம் பாயின்ட் போடுங்க. 7 புள்ளி வரும். 53-ல ஒண்ணு, 75-ல ஒண்ணு, நடுவுல மிச்சம். இதைப் பார்த்துட்டு வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

ஃபில்டரை எடுத்துடுங்க. சேதமே ஆகாத 16 பயணங்களும் கீழே பூஜ்யத்துல வந்து உட்காரும். எல்லாமே 66 டிகிரி, அதுக்கு மேல! 63-ம் அதுக்குக் கீழயும் ஏவின நாலு பயணத்துல நாலுலயும் சேதம். 66-லயும் அதுக்கு மேலயும் 19-ல 3 மட்டும்தான். 'எதுவும் நடக்கல'ங்கிற அந்த 16 புள்ளிதான் கதையே சொல்லுது. விபத்தை விசாரிச்ச ராஜர்ஸ் கமிஷனும் இந்த ரெண்டு படத்தையும் தன் அறிக்கையில போட்டுச்சு.

இங்கே ஒரு சின்ன சிக்கல். 67 டிகிரியில மூணு பயணம், ஒண்ணு மேல ஒண்ணா ஒரே புள்ளியாத் தெரியும். ஜியோம் ஜிட்டர் போட்டு லேசா நகர்த்துங்க. ஆனா ஹைட் பூஜ்யம்னு கட்டாயம் கொடுங்க, இல்லேன்னா பூஜ்ய சேதம் அரைகுறை சேதமா மாறிடும்.

அடுத்தது அச்சு. ஜிஜிபிளாட் கையில இருக்கிற டேட்டாவுக்குத் தகுந்த மாதிரி அச்சை வெட்டிக்கும், அதாவது 53-ல இருந்து 81 வரைக்கும். ஆனா அன்னைக்குக் காலையில எதிர்பார்த்தது சுமார் 31 டிகிரி. அது படத்துலயே இல்ல! எக்ஸ்-லிம் 30, 85-னு கொடுத்து, 31-ல ஜியோம் வி-லைன் வச்சு ஒரு விட்டு விட்டுக் கோடு போடுங்க. கோட்டுக்கும் முதல் புள்ளிக்கும் நடுவுல 22 டிகிரி வெறும் வெள்ளை. யாருமே போகாத இடத்துக்குப் போறோம்னு அந்த வெற்றிடமே சொல்லும். எனக்கு இந்த மொத்தப் படத்துலயும் ரொம்பப் பிடிச்ச பகுதி அதுதான்.

இந்த லிம் விஷயத்துல கவனமா இருங்க. ஒய்-லிம் 0, 4-னு யாராவது கொடுத்தா, 53 டிகிரியில 5 சேதம் காட்டுற புள்ளியை ஜிஜிபிளாட் தூக்கியே போட்டுடும். கன்சோல்ல ஒரு வார்னிங் மட்டும் வரும், அதை யார் படிக்கிறா? பெரிசு பண்ணிப் பார்க்கணும்னா கோ-ஆர்ட் கார்ட்டீஷியன் பயன்படுத்துங்க. அதுல படம் மட்டும்தான் வெட்டுப்படும், டேட்டா அப்படியே இருக்கும்.

ஜியோம் ஸ்மூத் போட்டா அழகா ஒரு வளைகோடும் சாம்பல் பட்டையும் வரும். இந்த டேட்டாவுக்கு வேண்டாம். பட்டை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், மைனஸ் சேதம்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. கோடு வேணும்னா லாஜிஸ்டிக் மாடல் போடணும், அது தனி எபிசோட்.

லேபிளைத் தமிழ்ல எழுதுறவங்க ராக் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணிட்டு ஜிஜிசேவ்ல பிஎன்ஜி-யா சேமிங்க, கொம்பும் காலும் சரியான இடத்துல வந்து நிக்கும். அச்சுல ஃபாரன்ஹீட்டா செல்சியஸான்னும் எழுதிடுங்க.