பிக்கப் வண்டிக்குக் கட்டை வைத்து உயர்த்தலாமா?

காய்கறி, வாழைத்தார், தீவனம், உரமூட்டை என்று தோட்டத்துச் சுமைகளை இன்று பெரும்பாலும் சிறிய பிக்கப் வண்டிகளே சுமக்கின்றன. ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு இவற்றை நம்பியே இருக்கிறது. சில ஆண்டுகள் உழைத்த வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து போவது சகஜம். அப்போது ஊர்ப் பட்டறையில் மரத்துண்டோ இரும்புத்துண்டோ வெட்டி, ஆக்சிலுக்கும் கமான் பட்டைக்கும் நடுவே வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு உயர்த்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் எழுகிறது. செலவு குறைவுதான். ஆனால் இந்தக் கட்டை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்த பிறகே வண்டியில் கை வைக்க வேண்டும்.

கட்டை எதை உயர்த்துகிறது?

பட்டை ஆக்சிலின் மேல் அமர்ந்துள்ள வண்டியில் 2 அங்குலக் கட்டை வைத்தால் பின்தொட்டி 2 அங்குலம் உயரும். ஆக்சிலோ, அதன் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் கூண்டோ உயராது. வரப்பிலும் வண்டித்தடத்திலும் தட்டுவது பெரும்பாலும் அந்தக் கூண்டுதான். அதன் உயரம் டயரின் அளவைப் பொறுத்தது.

பட்டையின் பலமும் கூடுவதில்லை. 1 டன் தாங்கும் பட்டைகள் கட்டை வைத்த பின்னும் 1 டன்தான் தாங்கும். மேலும், பட்டை அளவுக்கு மீறி வளையாமல் தடுக்கும் ரப்பர் முட்டுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளி கூடிவிடுகிறது. பாரம் ஏறும்போது பட்டை மேலும் வளைந்து ஒடிய இது ஏதுவாகிறது.

முதலில் காரணத்தைக் காண்க

டயர்களில் காற்றைச் சரிபார்த்து, காலி வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். பின்சக்கர மையத்திலிருந்து மேலேயுள்ள தொட்டி விளிம்பு வரை இரு பக்கமும் அளக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே பட்டை ஒடிந்திருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம். இரு பக்கமும் தாழ்ந்திருந்தால் பட்டைகள் வளைவு இழந்துவிட்டன எனலாம். காலியாக நேராக நின்று, சரக்கு ஏற்றியதும் மிகவும் அமுங்கினால் பாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். 25 கிலோ தக்காளி பிடிக்கும் பெட்டிகள் 40 ஏற்றினாலே 1 டன் ஆகிறது. காலிப் பெட்டிகளின் எடையும் ஆட்களின் எடையும் அதற்கு மேல் சேரும். ஆர்.சி. புத்தகத்திலுள்ள மொத்த எடையை எடைமேடைச் சீட்டுடன் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஆபத்து எங்கே?

மரக்கட்டை மழையில் ஊறி, வெயிலில் சுருங்கும், பாரத்தில் நசுங்கும். கட்டை ஒரு நூல் அளவு இளைத்தாலும் யூ போல்ட்டின் பிடி தளர்ந்துவிடும். பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அவை நழுவக்கூடும். பிடி தளர்ந்ததும் முழு விசையும் சென்டர் போல்ட்டின்மேல் விழுகிறது. அது அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி கோணலாக ஓடும். சரக்குடன் மலைச்சரிவில் இறங்கும்போது இது நேர்ந்தால் சரக்கு மட்டுமல்ல, வண்டியில் இருப்போர் உயிரும், எதிரே வருவோர் உயிரும் போகலாம்.

கட்டை உயரமாக உயரமாக, பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கும் விசையும் கூடும். பிரேக் ஹோஸ் இழுபடலாம். புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி அதிர்வு வரலாம். பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டிகளில் அதன் கணக்கும் தவறிவிடும். பாரம் உயரே போவதால் வளைவுகளில் வண்டி சாயும் அபாயமும் அதிகம்.

சட்டம் சொல்வது

தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

செய்யத்தக்கவை

1. ஒடிந்த பட்டைக்குப் பதிலாக, தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே புதுப்பட்டை போட வேண்டும்.

2. வளைவு இழந்த பட்டைகளை, பட்டை வேலையில் தேர்ந்த பட்டறையில் கழற்றிக் காட்டி, வளைவு கொடுக்கலாமா, மாற்றுவதா என்று முடிவு செய்யலாம். எதுவாயினும் இரு பக்கமும் ஒன்றுபோல் செய்ய வேண்டும்.

3. பட்டையைக் கழற்றினால் யூ போல்ட், நட்டுகளைப் புதிதாகவே போடுவது நல்லது. நான்கு நட்டுகளையும் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக, குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும்.

4. வண்டிக்கு அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. உறுதியான தாங்கிகள் மீது வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு அடை வைக்க வேண்டும்.

ஏற்கெனவே மரக்கட்டையோ அடுக்குத் தகடோ வைத்துள்ள வண்டியில் அடுத்த சரக்கை ஏற்றுமுன் அதை எடுத்துவிட்டு, பட்டையைச் சீர் செய்வதே முறை. பாரம் மிகுந்த நாளில் ஒரு நடை போவதை இரண்டு நடையாக்கினால் டீசல் செலவு சற்றுக் கூடும். ஆனால் விளைந்த பொருளும், அதை ஏற்றிச் சென்றவரும் பத்திரமாக வீடு திரும்புவதற்கு அது அதிக விலையன்று.