ஒற்றியும் முதுமையும்

சென்ற கிழமை முதிய நண்பர் ஒருவர் தம் வீட்டை ஒற்றி வைக்கும் எண்ணத்தோடு என்னிடம் வந்தார். நல்ல கல்வீடு, நான்கு பரப்பு வளவு, ஆயினும் மருந்துக்குக் கையிற் காசில்லை. “பண்டிதர், வீட்டைக் காய்ச்சிக் குடிக்கலாமோ?” என்றார். நாளை என் நிலையும் அதுவாகலாம்.

ஒற்றி நம்மவர்க்குப் பழைய முறை. 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையிலும் அதற்கு இடமுண்டு. பணங் கொடுத்தவன் வட்டி வாங்கான். அதற்கீடாக நிலத்தின் பயனைத் தானே துய்ப்பான். வயலுக்குந் தோட்டத்துக்கும் இது தக்கதே. குடியிருக்கும் வீட்டுக்கோ? உரிமை கிழவரிடம் நிற்கும். கிழவர் தெருவில் நிற்பார்.

பிரான்சு தேசத்தில் இதற்கு மறுதலையான வழக்கமொன்று உளது. வாங்குபவர் திங்கள்தோறும் பணங் கொடுப்பார். விற்றவர் இறக்குமட்டும் அவ்வீட்டிலேயே வாழ்வார். ஆர்ல் நகரத்து மூதாட்டி ஜான் கல்மான் 1965இல், தமது 90ஆம் வயதில், மாதம் 2,500 பிராங்குக்கு இங்ஙனம் எழுதிக் கொடுத்தார். வாங்கிய சட்டத்தரணி 1995இல் மாண்டார். அவர் குடும்பத்தார் தொடர்ந்து பணங் கட்டினர். மூதாட்டியார் மறைந்தது 1997இல், 122ஆம் வயதில்!

ஒருவர் சாவை மற்றவர் எதிர்நோக்கும் வாணிபம் இது என்று முகஞ் சுளிப்பாருளர். உறுதிக்காகக் காத்திருக்கும் நம் பிள்ளைகளை அவர் கண்டிலர் போலும்.

நண்பர் நெடுநேரம் சிரித்தார். பின், சீவிய உரித்தைத் தமக்கே நிறுத்திக்கொண்டு வீட்டை விற்க இயலுமோ என நொத்தாரிசிடம் வினவுதற்கு, ஒரு தாளிற் குறித்துக்கொண்டு எழுந்தார்.