ஷிஃப்ட் மாறினாலும் நிற்கும் இலக்கு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், முதுநகரைத் தாண்டியதும் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிடும். ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் உப்பனாறு, நடுவே ரசாயன ஆலைகள். இரவானதும் நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்க முடியாத வேலை என்பதால் மூன்று ஷிஃப்ட்டாக ஓடும்.

ஜனவரி 1 அன்று, ‘தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடப்பேன்’ என்று ஒரு தொழிலாளி முடிவெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட் வந்தால், அந்த ஐந்து மணிக்கு அவர் ஆலைக்குள் இருப்பார். இதற்காக அவருடைய மன உறுதியைக் குறை சொல்வது நியாயமே இல்லை. இலக்கைக் கடிகாரத்தில் கட்டிவைத்ததுதான் கோளாறு.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு வழி சொல்கிறது. ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று இலக்கை ஒரு நிகழ்வோடு இணைத்தவர்கள் அதிகம் வெற்றி பெற்றார்கள். ‘டூட்டி முடிந்து, தூங்கி எழுந்ததும் அரை மணி நேரம் நடப்பேன்’ என்றால் எந்த ஷிஃப்ட்டுக்கும் பொருந்தும்.

எதை இலக்காக வைப்பது? இதே சிப்காட் ஊர்களில் அதற்கு அருமையான முன்னுதாரணம் இருக்கிறது. 2004-இல் சுற்றுவட்டார மக்கள் சிலர் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். ஆலைகளிலிருந்து வரும் நாற்றத்தை நிறுத்துவது அவர்கள் கையில் இல்லை. எந்த நாள், எந்த நேரம், என்ன வாடை, கண் எரிந்ததா, மூச்சு முட்டியதா என்று எழுதிவைப்பது கையில் இருந்தது. பிளாஸ்டிக் வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பவும் கற்றுக்கொண்டார்கள். 1990-களில் கலிஃபோர்னியாவில், ஆலைகளை ஒட்டி வாழ்ந்தவர்களிடம் தொடங்கிய முறை அது. காற்றில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் இருப்பதை 2004-இலேயே கடலூர்க் குழுவின் அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தயாரித்த, மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலிலும் கடலூர் இருந்தது.

‘நல்ல காற்று வேண்டும்’ என்ற பெரிய ஆசையை, இன்றைக்கே செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலையாக மாற்றிக்கொண்ட அந்தப் பொறுமை வணக்கத்துக்குரியது.

வீட்டுக் கணக்கிலும் அப்படி மாற்றலாம். ‘இந்த வருஷம் கடனை அடைத்துவிடுவேன்’ என்பது ஆசை. கான்ட்ராக்ட் வேலையில் ஓ.டி. ஒரு மாதம் கிடைக்கும், மறுமாதம் கிடைக்காது. ‘ஓ.டி. பணம் வந்தால் அன்றே பாதியை அதிக வட்டிக் கடனுக்குக் கட்டுவேன்’ என்பதைச் செய்ய முடியும். பணம் வராத மாதத்தில் இந்த இலக்கு தோற்பதுமில்லை.

ஸ்வீடனில் 1,066 பேரின் புத்தாண்டு உறுதிமொழிகளை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2020-இல் வெளியானது. ‘ஒன்றைச் செய்வேன்’ என்றவர்களில் 58.9 சதவீதம் பேர் தங்களை வெற்றி பெற்றவர்களாகக் கருதினார்கள். ‘ஒன்றை விடுவேன்’ என்றவர்களில் 47.1 சதவீதம் பேர்தான். ஆகவே, ‘ராத்திரி புரோட்டா தின்ன மாட்டேன்’ என்பதைவிட ‘நைட் ஷிஃப்ட்டுக்கு வீட்டுச் சாப்பாடு எடுத்துப் போவேன்’ என்பது நல்லது.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரிடம் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவுப்படி, 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவாக 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் தெரிந்தது. ரிலீவர் வராமல் டபுள் டூட்டி பார்த்த நாளில் நடை விட்டுப்போனால், அடுத்த நாள் நடந்தால் போதும். ஜனவரி 1-இல் தொடங்கியவருக்கு 66-ஆவது நாள் மார்ச் முதல் வாரத்தில் வரும். மெதுவாகப் படிகிறவருக்குச் செப்டம்பர் வரைகூட ஆகலாம்.