இருப்புப் பாதையோரம் எழுதப்பட்ட வரலாறு

மறைமலை நகரில் குடியேறியுள்ள நம் குடும்பங்கள், விடுமுறை நாளில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று எண்ணும்போது, வண்டலூர் உயிரியல் பூங்காவும் மாமல்லபுரக் கடற்கரையுமே பெரும்பாலும் நினைவிற்கு வருகின்றன. "நேற்றுத் தோன்றிய ஊரில் காண்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்போரும் உளர். நகரம் புதியதுதான்; சென்னையின் நெரிசலைக் குறைக்கும் பொருட்டுத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட துணைநகரம் அது. ஆயினும் அதன் நிலையத்தில் மின்சார இரயிலேறி, வடக்கே ஒரு நாளும் தெற்கே ஒரு நாளும் சென்று வருவோர், அக்கேள்வியை மீண்டும் கேட்கமாட்டார்கள்.

முதலில் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1876-இல் நாகப்பட்டினத்தில் பிறந்த வேதாசலம் என்பவரே, தனித்தமிழ்ப் பற்றினால் தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. அவர் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பின்னர் அவர் பல்லாவரத்தில் குடியமர்ந்து, 1950-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

ஆகவே பல்லாவரத்தில் இறங்குவது பொருத்தமே. அவ்வூரின் தொன்மைக்கு முன்னே நம் கணக்கெல்லாம் சிறுத்துப்போகும். 1863 மே 30-ஆம் நாள், நில ஆய்வாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், அங்கிருந்த படைப் பயிற்சித் திடலருகே தோண்டப்பட்ட சரளைக் குழியில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கற்கோடரி அது! இந்தியாவில் இனங்காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுவே. அதே ஆண்டில் அவர் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தின் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

அவ்வூர்க் குன்றின்மீது, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயில் ஒன்றுண்டு. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிக் கோயில் எழுப்பியதைப் பெருமையாகப் பொறித்தவனன்றோ அவன்! இக்குகையின் உத்திரத்தில் அவனுடைய பட்டப் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அக்குகை இசுலாமியச் சகோதரர்களின் தர்காவாயிற்று. தெய்வ வழிபாடு மாறியது, கல்லோ நின்றது.

பல்லாவரத்திற்கு வடக்கே எழுவது நம் புனித தோமையார் மலை. 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயமும், 1547-இல் கிடைத்த பாகலவி எழுத்துடைய கற்சிலுவையும், 1986 பிப்ரவரி 5-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அங்கே செபித்ததும் நம் வாசகர்கள் அறிந்தவையே. அறியாத ஒன்றைச் சொல்கிறேன். 1802-இல் வில்லியம் லாம்ப்டன் இந்தியத் துணைக்கண்டத்தை அளக்கத் தொடங்கிய அடிக்கோடு, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுடையது, இம்மலையடிவாரத்திலிருந்தே இழுக்கப்பட்டது. அவருடைய மார்பளவுச் சிலை மலைமேல் நிற்கிறது. செபமாலையுடன் படியேறும் பலர் அதைக் கவனியாமலே கடக்கின்றனர்.

இம்மலைகளின் கரும்பாறைக்கும் ஒரு கதையுண்டு. கல்கத்தாவில் 1693-இல் இறந்த யோப் சார்னாக்கின் கல்லறைக்கல் இவ்வட்டாரப் பாறையினத்தைச் சேர்ந்தது. 1893-இல் தாமஸ் ஹாலந்து அதை ஆராய்ந்து, அவர் பெயரால் 'சார்னாக்கைட்' என்று அப்பாறைக்குப் பெயரிட்டார். உலகின் நிலவியல் நூல்களிலெல்லாம் இடம்பெற்ற இப்பாறையைத்தான் பல்லாவரம், திரிசூலம் பக்கங்களில் பல்லாண்டுகளாக வெடிவைத்துத் தகர்த்துச் சாலைக்கு ஜல்லியாக்கினார்கள். ஆலயமோ தர்காவோ கோயிலோ இருந்த குன்றுகள் பெரும்பாலும் தப்பின, மற்றவை பள்ளங்களாயின. மழைநீர் நிறைந்த அக்குவாரிகளில் ஆழமறியாது இறங்கி உயிரிழந்த இளைஞர் பலர். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதைக் கருத்திற்கொள்வது நன்று.

தெற்கு நோக்கிய பயணம் சிறியது. அடுத்த நிலையமே சிங்கப்பெருமாள் கோயில். அங்கே குடைவரையில் நரசிங்கர் கோயில் அமைந்துள்ளதால், கருவறையை வலம் வர விரும்புவோர் குன்றையே சுற்றி வருகிறார்கள். அப்பால் செங்கற்பட்டு. 1752-இல் கிளைவ் கைப்பற்றிய அதன் விசயநகரக் காலத்துக் கோட்டையை இருப்புப் பாதையே ஊடறுத்துச் செல்கிறது, வண்டியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கிச் செல்லவேண்டிய இடம், திருக்கழுக்குன்றச் சாலையில் சுமார் மூன்று கிலோமீட்டரிலுள்ள வல்லம். சிறு குன்றில் மூன்று குடைவரைகள். மேலே உள்ளது சிவன் கோயில். வாயிலின் இருபுறமும் காவலர் சிற்பங்கள். மாமல்லபுரத்தின் நயத்தை இவற்றில் தேடவேண்டாம். தமிழகச் சிற்பி கருங்கல்லுடன் பழகத் தொடங்கிய காலத்து உருவங்கள் இவை. அத்தடித்த தோள்களில் ஒரு தயக்கமும் அதை மீறிய துணிவும் தெரிகின்றன. தூணிலுள்ள கல்வெட்டு, இது மகேந்திரனுக்கு அடங்கிய சிற்றரசன் வயந்தப்பிரியின் மகன் கந்தசேனன் செய்வித்த கோயில் என்று தமிழிலேயே கூறுகிறது. பல்லவர்களின் கல்வெட்டுகளில் மிகப் பழைய தமிழ்ப் பொறிப்புகளுள் இதுவும் ஒன்று. எழுத்துகள் இன்றைய வடிவில் இல்லை. ஆயினும் பிள்ளைகள் கூர்ந்து நோக்கினால், சில எழுத்துகளையேனும் அடையாளம் கண்டுகொள்வார்கள். தூணைத் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுக் காற்றும் மழையும் விட்டுவைத்த எழுத்து அது.