மூலமும் உரையும் ஒரே திரையில்

மேலே மூலம், கீழே உரை என்பது தமிழ் கற்போர்க்குப் பழகிய பக்க அமைப்பு. 1887இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த சீவக சிந்தாமணி, நச்சினார்க்கினியர் உரையோடுதான் வெளிவந்தது. இரண்டையும் ஒப்புநோக்கிப் பயிலும் அவ்வழக்கத்திற்குக் கைப்பேசியின் சிறுதிரையிலும் இடமளிப்பது திரைப்பிரிப்பு முறையாகும்.

திரைப்பிரிப்பாவது, ஒரு திரையை இரு பகுதிகளாக்கி இரண்டு செயலிகளை ஒருங்கே காட்டுவது. ஆப்பிள் நிறுவனம் 2015இல் ஐபேடில் இதனைத் தந்தது. 2016இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7ஆம் பதிப்பு இதைக் கைப்பேசிகளுக்கும் பொதுவசதியாக்கியது. தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர்ப் பகுதி மாணவர் பலருக்குக் கைப்பேசியே நூலகம், அதுவே எழுதுபலகை. மின்தொடர்வண்டியில் செல்லும் மாணவர், மேற்பாதியில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலைத் திறந்து, கீழ்ப்பாதியில் குறிப்பெழுதலாம். ஆயினும் இயங்குதளம் இடந்தந்தால் மட்டும் போதாது. செயலியை ஆக்குவோரும் இடந்தர வேண்டும். அதற்கு அவர்கள் கருதவேண்டியவை நான்கு.

முதலாவது, எழுதியதைக் காத்தல். ஆண்ட்ராய்டில் சாளரத்தின் அளவு மாறும்பொழுது, 'ஆக்டிவிட்டி' எனப்படும் திரைப்பகுதி இயல்பாக அழிக்கப்பட்டுப் புதிய அளவில் மீண்டும் உருவாக்கப்படுகிறது. பாதி எழுதிய கட்டுரையையும் படித்து நின்ற பக்கத்தையும் செயலி முன்னரே காத்து வைக்காவிடின், திரையைப் பிரித்த அளவிலேயே அவை மறைந்துபோகக்கூடும். 'வியூமாடல்' என்னும் அமைப்பு இம்மாற்றத்தைத் தாங்கி நிற்கும். ஆனால் இயங்குதளம் செயலியையே நினைவகத்திலிருந்து நீக்கினால் அதுவும் உதவாது. ஆதலின் நீண்ட எழுத்துகளை அவ்வப்போது சேமிப்பகத்தில் பதிந்து வைத்தலே தக்க பாதுகாப்பு.

இரண்டாவது, இயக்கம் தடைப்படாமை. ஆண்ட்ராய்டின் 7, 8ஆம் பதிப்புகளில், விரல் தொட்ட செயலியே முழு இயக்கத்தில் இருக்கும். மற்றது கண்ணுக்குத் தெரிந்தும் இடைநிறுத்த நிலைக்குச் செல்லும். அந்நிலையிலேயே காணொளியை நிறுத்துமாறு எழுதப்பட்ட செயலியில், மாணவர் குறிப்பெழுதத் தொடங்கியதும் விரிவுரை நின்றுவிடும். முற்றிலும் மறைந்த பின்னரே காணொளியை நிறுத்துவது முறை. 2019இல் வந்த 10ஆம் பதிப்பு, கண்ணுக்குத் தெரியும் இரு செயலிகளும் ஒருங்கே இயங்க வழிசெய்தது. எனினும் பழைய கருவிகள் இன்னும் மாணவர் கைகளில் உள்ளன என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, இடமறிந்து அமைதல். கருவியின் முழுத்திரையை அளவாகக் கொள்ளாது, தனக்குக் கிடைத்த சாளரத்தின் அளவையே கொண்டு செயலி தன்னை அமைத்துக்கொள்ள வேண்டும். தட்டச்சுப் பலகை விரியும்போது எஞ்சும் இடம் மேலும் சுருங்கும். அப்போதும் எழுதும் வரி பார்வைக்கு மறையாதவாறு மேலே நகர வேண்டும்.

நான்காவது, தமிழின் இயல்பு. 'சேவ்' என்பது 'சேமி' எனச் சுருக்கமாக அமையும். 'டவுன்லோட்' என்பதோ 'பதிவிறக்கம்' என நீளும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காது. சாளரம் பாதியாகும்போது இக்குறை மிகும். இடம் போதாதபோது செயலி சொல்லை இடையில் வெட்டுவதும் உண்டு. அங்கே இலக்கணமே இடறுகிறது. ஒருங்குறியில் 'ற்' என்பது றகரமும் புள்ளியுமாக இரு குறியீடுகள். எனவே 'கற்க' என்பதை இரண்டு குறியீடுகளுக்குப் பின் வெட்டினால் 'கற' என்றாகும். தொல்காப்பியர் மெய்க்கு இயல்பென வகுத்த புள்ளி நீங்க, மெய்யெழுத்து உயிர்மெய்யாகத் திரிகிறது. குறியீடுகளை எண்ணி வெட்டாது, முழு எழுத்தை அலகாகக் கொள்வதே தீர்வு.

ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்போர்க்கு இந்நான்காவது குறை புலப்படாது. தாம்பரத்தில் 1984இல் அமைந்த ஏற்றுமதி மண்டலம் தொடங்கிக் கூடுவாஞ்சேரியை அடுத்த சோஹோ வளாகம் வரை, ஜி.எஸ்.டி. சாலையோரம் மென்பொருட் பணியிடங்கள் பல உள்ளன. அங்கே பணிக்குச் செல்லும் நம் மாணவர், செயலியைத் தமிழுக்கு மாற்றி, திரையைப் பிரித்து, பாதி எழுதிய நிலையில் நடுக்கோட்டை நகர்த்திப் பார்த்தால் போதும். குறைகள் தாமே வெளிப்படும். கணினித் துறை மாணவர் நிரல் எழுத, தமிழ்த்துறை மாணவர் எழுத்தும் சொல்லும் பிழையாது காக்க, இருவரும் கூடிச் செய்யத்தக்க பணி இது. மூலமும் உரையும் போல அவ்விரு துறைகளும் அருகருகே அமைந்தால், பாதித் திரையிலும் தமிழ் முழுமையாக நிற்கும்.